இரண்டு என்று எழுதியது

நூறு குடும்பம் என்று சந்தைக்குப் பெயர்.
குடும்பம் எதுவும் இல்லை.
கதவு, குழாய், ஓடு, கம்பி.
மைனஸ் இருபத்தெட்டில்
பேரம் பேசுகிற வாயெல்லாம் புகைபோக்கி.

என் டிரில்லுக்கு ஒன்பது வயது.
மோட்டாரில் ஒரு குறையும் கிடையாது.
பேட்டரிதான் போன மாதம்
ஒரு கீலுக்கு நடுவே மூச்சை விட்டது.

"புது டிரில்லே எடுங்க அக்கா,
ரெண்டு பேட்டரியோட வருது.
பேட்டரிக்குத்தான் விலை, டிரில் கொசுறு"
என்றான் தொமொர்ஹுயாக்.
ஒன்பது வருஷம் என் கையில் இருந்ததைக்
கொசுறு என்கிறான்.

பதினெட்டு வோல்ட் எல்லாம் பதினெட்டு வோல்ட் இல்லை.
ஒரே கறுப்பு, ஒரே உருவம்,
காடி மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.
எர்லியான் எல்லையில் பெட்டியைத் தூக்கி
ரயிலுக்குச் சக்கரம் மாற்றுகிறார்களே,
இதற்கு அப்படி ஆள் இல்லை.
அதனால் பழையதைத் துணியில் சுற்றி எடுத்துப்போயிருந்தேன்,
பெண்ணுக்கு வளையல் அளவு கொண்டுபோகிற மாதிரி.

பொருந்தியவை மூன்று.
கம்பெனியுடையது: என் நாலு நாள் கூலி.
பெயரில்லாதது: சிவப்பில் பெரிய ஐந்து, ஒன்றரை நாள் கூலி.
இன்னொன்று குட்டி, ஓரத்தில் சின்னதாய் இரண்டு.
அதுவும் அதே ஒன்றரை நாள்.

பக்கத்துக் கடையில் ஆணி நிறுக்கும் தராசு.
கம்பெனிக்காரன் அறுநூற்று நாற்பது கிராம்.
சிவப்பு ஐந்து நானூற்றுப் பத்து.
குட்டி முந்நூற்று எண்பத்தைந்து.

ஐந்து ஆம்பியர்-மணி
இத்தனை லேசாக இருக்குமா?
தொமொர்ஹுயாக் கையுறையைப் பார்த்தான்.
"எழுதினது நான் இல்லையே" என்றான்.
குட்டியை வாங்கினேன்.
இரண்டு என்று சொல்லி
இரண்டாகவே இருப்பதற்கு
பேரம் பேச மனசு வரவில்லை.

பஸ்ஸில் அது என் தேலுக்குள், இடுப்புக்கச்சைக்கு மேலே.
அப்படியும் வீட்டில் சார்ஜரில் வைத்தால்
சிவப்பு விளக்கு இமைக்கிறது:
குளிர்கிறது, இப்போது வேண்டாம்.
அடுப்பருகே வைக்கக்கூடாது,
ஜன்னலருகேயும் கூடாது.
மடியில் வைத்துக்கொண்டு
டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.
ஒன்பது மணிக்கு இரவுக் கட்டணம் தொடங்கியபோது
அதுவும் சம்மதித்தது.

மறுநாள் பயன்ஹோஷூவில் மழலையர் பள்ளி.
நாற்பத்தெட்டுக் கோட்டுக் கொக்கி,
கொக்கிக்கு இரண்டு துளை, செங்கல் சுவர்.
கணக்கு முன்பே தெரியும்:
தொண்ணூற்றாறுக்கு இது காணாது.
பிள்ளைகள் மதியம் தூங்கும் நேரத்தில்
ஒவ்வொரு துளையாக
சுவரைப் பயமுறுத்தாமல் போட்டேன்.

முப்பத்தொன்றாவது கொக்கியோடு நின்றது.
முனகவில்லை, இழுக்கவில்லை,
விளக்கை அணைப்பதுபோல ஒரே நிற்றல்.
சூடாக இருந்தது. உடனே சார்ஜ் போடாதே
என்று எனக்கே சொல்லிக்கொண்டு
தரையில் ஆறவிட்டேன்.
இப்படிச் சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில்தான்
என் பாதிப் பொழுது போகிறது.

பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள்.
முப்பத்தொரு கோட்டு சுவரில்.
பதினேழு பேர் கோட்டைக் கையில் பிடித்தபடி
என்னைப் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்.
நாலு நாள் கூலிக்காரனை வாங்கியிருந்தால்
இந்தப் பார்வை இல்லை.

இனெரெல் என்று ஒருத்தி, முன்பல் இல்லாதவள்,
சார்ஜர்மேல் தன் கோட்டைப் போர்த்த வந்தாள்.
"வேண்டாம், அதற்கு மூச்சு முட்டும்."
"தூங்குதா?"
"சாப்பிடுது."
"எவ்வளவு சாப்பிடும்?"
"இரண்டு."
இரண்டு என்ன என்று அவள் கேட்கவில்லை.
விரலில் எண்ணிப் பார்த்தாள், சரியாக வந்தது.
பிறகு போய்த் தன் கோட்டை
யாரோ ஒரு பையனுடைய கொக்கியில்
அவன் கோட்டுக்கு மேலேயே மாட்டினாள்.
அவன் அழத் தொடங்கினான்.

விளக்கு இன்னும் பச்சையாகவில்லை.
பென்சிலை எடுத்துக்கொண்டு
முப்பத்திரண்டாவதற்குக்
குறி போடப் போனேன்.